முன்பக்க ஸ்ட்ரட்டை வீட்டிலேயே மாற்றுவது எப்படி: ஸ்பிரிங் உட்காரும் இடத்தில் கவனம்

என் காரின் முன்பக்க ஸ்ட்ரட் ஒன்றில் எண்ணெய் கசிந்து, அதன் மேல் புழுதி சேறுபோல் அப்பியிருந்ததைக் கண்ட பிறகே, அதை நானே மாற்றுவது என்று முடிவு செய்தேன். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் மெக்ஃபெர்சன் வகைக்கே இந்த விளக்கம் பொருந்தும். ஒரு பக்கம் மட்டும் கசிந்தாலும் இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். இல்லையென்றால் வளைவிலும் மேடுபள்ளத்திலும் வண்டியின் இரு பக்கமும் ஒன்றுபோல் இயங்காது.

வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்தி, வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டுகளில் நிறுத்திய பின் சக்கரத்தைக் கழற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யவே கூடாது. பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர் ஆகியவற்றை ஸ்ட்ரட்டிலிருந்து விடுவித்து, வண்டி வளைவில் அதிகம் சாயாமல் பிடிக்கும் கம்பியை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க்கைக் கழற்றுங்கள். நட்டோடு அதன் போல்ட்டும் சேர்ந்து சுற்றினால், போல்ட்டின் நுனியில் உள்ள குழியைச் சுத்தம் செய்து, ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு ரிங் ஸ்பேனரால் நட்டைத் திருப்ப வேண்டும். துரு பிடித்த நட்டுகளுக்கு முந்தின இரவே துருநீக்கி எண்ணெய் அடித்து வைப்பது நல்லது.

ஸ்ட்ரட்டை நக்கிளோடு (சக்கரத்தின் ஹப்பைத் தாங்கும் உலோகப் பகுதி) இணைக்கும் போல்ட்டுகளைத் தொடுவதற்கு முன், அவை இருக்கும் நிலையைப் பெயின்ட்டால் குறித்துக்கொள்ளுங்கள். சில கார்களில் சக்கரத்தின் சாய்வை அமைப்பதே அந்தப் போல்ட்தான். நக்கிளைக் கம்பியால் கட்டி வையுங்கள். வெளிப்பக்கம் சாய விட்டால் பிரேக் ஹோஸ் இழுபடும், டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட்டும் கழன்றுவிடக்கூடும். பிறகு பானட்டைத் திறந்து, ஸ்ட்ரட்டின் மேல்நுனியை வண்டியின் உடலோடு பிடிக்கும் டாப் மவுண்ட்டைச் சுற்றியுள்ள நட்டுகளை மட்டும் கழற்றுங்கள். நடுவில் இருக்கும் பெரிய நட்டை இப்போது தொடவே கூடாது. ஸ்பிரிங்கின் முழு விசையையும் பிடித்து வைத்திருப்பது அதுதான்.

வெளியே எடுத்த ஸ்ட்ரட்டில் டாப் மவுண்ட்டிலிருந்து ஸ்பிரிங் உட்காரும் கீழ்த்தட்டு வரை ஒரே நேர்கோடாகப் பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவியான கம்ப்ரெஸரின் கொக்கிகளை நேரெதிர்ப் பக்கங்களில் மாட்டி, இரண்டு திருகுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். நழுவாமல் பிடிக்கும் பூட்டு உள்ள கொக்கிகளையே நான் வாங்குவேன். இந்தத் திருகுகளில் அடித்து அடித்து வேகமாக முறுக்கும் இம்பாக்ட் கன்னைப் பயன்படுத்துவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஸ்பிரிங் இருக்கையை விட்டுத் தளர்ந்து கையால் அசையும் நிலைக்கு வந்த பிறகே நடு நட்டைக் கழற்றலாம். அப்போதும் முகம் ஸ்பிரிங்குக்கு நேராக இருக்கக் கூடாது.

நான் தவறியது அடுத்த வேலையில், அதாவது ஸ்பிரிங்கைப் புதிய ஸ்ட்ரட்டில் உட்கார வைப்பதில்தான். எல்லாவற்றையும் பூட்டி வண்டியை எடுத்தபோது, ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் இடப்பக்கம் 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டது. மீண்டும் கழற்றிப் பார்த்தால், ஸ்பிரிங்கின் கீழ்நுனி, கீழ்த்தட்டில் அது முட்டி நிற்க வேண்டிய படியை (மேடான விளிம்பை) ஒட்டாமல் ஒரு விரல் அகலம் விலகியிருந்தது. டாப் மவுண்ட்டின் திசையையே பார்த்துக்கொண்டிருந்த நான், கம்ப்ரெஸரைத் தளர்த்தும்போது ஸ்பிரிங் மெல்லச் சுழன்றதைக் கவனிக்கவில்லை. ஆகவே ஸ்பிரிங்கைச் சுழற்றி, நுனி படியில் முட்டுவதை விரலால் தொட்டு உறுதிசெய்து, கம்ப்ரெஸரைத் தளர்த்தும் ஒவ்வொரு கட்டத்திலும் மீண்டும் தொட்டுப் பாருங்கள்.

புதிய ஸ்ட்ரட்டைப் பூட்டும் முன் நிமிர்த்தி வைத்து, அதன் தண்டை மூன்று நான்கு முறை முழுதாக அழுத்தி விடுங்கள். தண்டைக் குறடால் பிடித்தால் கீறல் விழுந்து சீல் கிழியும். நட்டுகளை முதலில் கையால் மாட்டி, பிறகு வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். வீல் அலைன்மென்ட் பார்ப்பதைத் தள்ளிப் போடாதீர்கள்.

பின்னர் சேர்த்தது: கம்ப்ரெஸரைக் கையாளத் தயங்குவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். அவர்கள் ஸ்பிரிங், மவுண்ட் எல்லாம் பூட்டியே வரும் முழு ஸ்ட்ரட்டை வாங்குவதே சரி. முதல் முறை செய்பவர்களுக்கு என் பரிந்துரையும் அதுதான். தனி ஸ்ட்ரட் வாங்குபவர்கள் பழைய டாப் மவுண்ட் பேரிங்கைக் கையில் வைத்துச் சுழற்றிப் பாருங்கள். நெருடினால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள், பின்னால் அதற்காக ஸ்பிரிங்கை மறுபடியும் அழுத்த வேண்டியிருக்கும்.