வக்கீல் ஆபீஸ் வெப்சைட்ல கட்சிக்காரர் ரகசியம் காப்பாத்துறது எப்படி

முதல்ல உங்க சைட்ல இருக்கிற கான்டாக்ட் ஃபார்மை திறந்து பாருங்க. பேரு, போன் நம்பர், என்ன மாதிரி கேஸ், எதிர்தரப்பு பேரு, இது போதும். "உங்க பிரச்சனையை விவரமா எழுதுங்க"ன்னு பெட்டி வச்சா ஜனங்க எல்லாத்தையும் கொட்டிடுவாங்க, ஆதார் காப்பியோட அனுப்புவாங்க, எதிர்தரப்பு ஏற்கனவே உங்க கட்சிக்காரரா இருந்தா ரெண்டு பக்கமும் சிக்கல்.

ஃபார்ம் மெயிலுக்கு வந்துட்டாலும் பல சைட்ல ஒரு காப்பி டேட்டாபேஸ்லயும் உக்காந்திருக்கும், இது நிறைய பேருக்கு தெரியாது, அதை டெவலப்பர்கிட்ட கேட்டு அப்பப்போ அழிக்க சொல்லுங்க.

அடுத்து ஃபேஸ்புக் பிக்சல், அதாவது உங்க சைட்ல யார் எந்த பக்கத்தை பார்த்தாங்கன்னு ஃபேஸ்புக்குக்கு சொல்ற சின்ன கோடு. தயவுசெஞ்சு எடுத்துடுங்க. ஒரு பொண்ணு வீட்ல எல்லாரும் எடுத்து பாக்குற போன்ல உங்க சைட்டோட விவாகரத்து பக்கத்தை பார்த்திருப்பா, அப்புறம் அதே போன்ல விவாகரத்து விளம்பரமா வந்தா அவ நிலைமை என்ன ஆகும்?

2023 டேட்டா பாதுகாப்பு சட்டப்படி எதுக்கு தகவல் வாங்குறோம்னு சொல்லி சம்மதம் வாங்கணும், பாதுகாப்புல கோட்டை விட்டா 250 கோடி வரைக்கும் அபராதம் போட சட்டத்துல இடம் இருக்கு.

ஜெயிச்ச கேஸ், கட்சிக்காரர் பாராட்டு எதையும் போடாதீங்க, பார் கவுன்சில் விதி 36 விளம்பரத்தை அனுமதிக்காது.