எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் பருகும் முறை

இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு, முதல் சில வாரங்களில் சாப்பாட்டைவிடத் தண்ணீரே பெரிய சவாலாக இருக்கும். தாகத்தில் ஒரு குவளையை மடமடவென்று குடித்தால், சுருங்கிய இரைப்பை அதைத் தாங்காமல் நெஞ்சு வலியையோ குமட்டலையோ உண்டாக்கும். ஆகவே 500 மில்லிலிட்டர் புட்டி ஒன்றை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு மிடறு மட்டும் பருகி, மருத்துவர் வேறு அளவு சொல்லாதவரை, நாளொன்றுக்கு 1.5 முதல் 2 லிட்டரை எட்டப் பாருங்கள். சிங்கப்பூரின் புழுக்கத்தில் இதில் அலட்சியம் கூடவே கூடாது. சாப்பிடும்போது குடிக்க வேண்டாம். சாப்பிட்ட பின் 30 நிமிடமாவது பொறுத்திருங்கள்.

கோப்பிக்கடைப் பழக்கத்தை மாற்றுவதுதான் பலருக்கும் கடினம். கெட்டிப்பால் கலந்த தேநீரான தே தாரிக்கிலும், ரோஜாப் பாகு கலந்த பால் பானமான பண்டுங்கிலும் உள்ள சர்க்கரை, குறிப்பாக இரைப்பையைச் சிறிதாக்கி நேரே சிறுகுடலோடு இணைக்கும் பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்களின் குடலுக்குள் விரைந்து இறங்கி, படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு ஆகியவற்றைத் தரக்கூடும். தேநீருக்கு மருத்துவர் அனுமதி தந்த பிறகு, பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீரான தே ஓ கோசோங் கேட்டு வாங்குங்கள். வாயு நிறைந்த பானங்களை விட்டுவிடுங்கள். மது முன்பைவிட வேகமாக இரத்தத்தில் ஏறும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடாதீர்கள்.

சிறுநீர் அடர்நிறமாகித் தலைசுற்றினாலோ, பருகிய தண்ணீர் வயிற்றில் தங்காவிட்டாலோ, தாமதிக்காமல் மருத்துவமனையை நாடுங்கள்.