தபால் ஓட்டில் ‘லேட்’ எது? ராணுவ வீரர்களின் உறைகளை எண்ணும்போது நடக்கும் தவறுகள்

ஓட்டுப்பதிவு முடிந்து பத்து நாள் கழித்து லடாக்கிலிருந்து ஓர் உறை வருகிறது. “எலெக்‌ஷனே முடிஞ்சு போச்சே, இது எப்படிச் செல்லும்?” என்று எண்ணும் மேசையில் வேட்பாளரின் ஏஜென்ட் எகிறுவார். செல்லும். நம் நாட்டில் சர்வீஸ் வாக்காளரின், அதாவது ராணுவ வீரர் போன்றவர்களின், தபால் ஓட்டுக்கு ஒரே ஒரு கெடுதான். எண்ணிக்கை தொடங்கக் குறித்த நேரத்துக்குள், அதாவது வழக்கமாகக் காலை 8 மணிக்குள், அது தேர்தல் நடத்தும் அலுவலரிடம் வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஓட்டுப்பதிவு நாள் எது, உறைமேல் தபால் முத்திரை என்றைக்கு விழுந்தது என்பதெல்லாம் இதில் கணக்கே இல்லை.

முத்திரைத் தேதி பற்றிய வாதம் பெரும்பாலும் அமெரிக்கச் செய்திகளைப் படித்து வருவது. அங்கே ராணுவத்தினர், வெளிநாட்டில் இருக்கும் குடிமக்கள் ஆகியோரின் ஓட்டு தேர்தல் நாளுக்குப் பிறகு வந்தாலும் எண்ணப்படும் மாநிலங்கள் உண்டு. 2024 தேர்தலில் பென்சில்வேனியா ஏழாம் நாள் மாலை 5 மணி வரை ஏற்றது. ஃபுளோரிடா பத்து நாள் தந்தது. ஆனால் முத்திரையோ கையெழுத்துத் தேதியோ தேர்தல் நாளைத் தாண்டியிருக்கக் கூடாது. 2000-ல் புஷ் 537 ஓட்டில் ஜெயித்த அந்த ஃபுளோரிடாவில், முத்திரை இல்லாத ராணுவ உறைகளுக்காக வக்கீல்கள் மல்லுக்கட்டினார்கள். அந்தச் சண்டையை இங்கே இழுத்து வருவது வீண். இங்கே பார்க்க வேண்டியது கடிகாரத்தைத்தான்.

அந்தக் கடிகாரம் எல்லாருக்கும் ஒரே மாதிரி ஓடுவதில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஓட்டுப்பதிவு ஏப்ரல் 19, எண்ணிக்கை ஜூன் 4. நடுவில் 46 நாள். எவ்வளவு மெதுவான தபாலும் வந்துவிடும். வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பும் பஞ்சாபும் இமாச்சலமும் ஜூன் 1 அன்று ஓட்டுப் போட்டன. அவர்களுக்கு மூன்றே நாள். இடைத்தேர்தல்களிலும் இதே நெருக்கடிதான். வெற்று ஓட்டுச்சீட்டை மின்னணு முறையில் அனுப்பும் ஏற்பாடு 2016-ல் முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில். அங்கே பதிவு நவம்பர் 19, எண்ணிக்கை 22. சீட்டு போகிற வழி மட்டும்தான் மின்னணு, திரும்பி வருவது தபாலில்தான். இதை மறந்துவிட்டு, ‘ஆன்லைனில் ஓட்டுப் போட்டாயிற்று’ என்று நிம்மதியாக இருந்துவிடும் குடும்பங்கள் இன்றும் உண்டு. சீட்டு கைக்கு வந்த நாளிலேயே உறையைத் தபாலில் சேர்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

8 மணிக்குப் பிறகு வரும் உறையில் இரண்டு தவறு நடக்கும். ஒன்று, “அஞ்சு நிமிஷம்தானே, பிரிச்சுப் பாத்துடலாம்” என்ற சமரசம். தேர்தல் நடத்தை விதிகளில் 54ஏ என்ற விதி இதற்கு இடமே தரவில்லை. நேரம் தாண்டி வந்த உறையைத் திறக்கக் கூடாது, உள்ளே இருக்கும் ஓட்டை எண்ணக் கூடாது. எல்லா வேட்பாளரும் சம்மதித்தாலும் முடியாது. இரண்டாவது தவறு, அந்த உறையை அப்படியே ஓரமாகப் போட்டுவிடுவது. வந்த தேதியையும் நேரத்தையும் உறைமேலேயே எழுதி, இப்படி வந்தவற்றை எல்லாம் தனிக் கட்டாக வைக்க வேண்டும். நேரம் எழுதாத உறை, நாளைக்கு வழக்கென்று வந்தால் யாருக்கும் உதவாது.

கடைசித் தபால் பையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. உறையில் அச்சிட்ட முகவரி ஆட்சியர் அலுவலகமாக இருக்கும். எண்ணிக்கை நடப்பதோ ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில். 7.40-க்கு அலுவலகத்தில் வாங்கிய உறை மையத்துக்கு 8.20-க்கு வந்தால், வாங்கிய நேரத்துக்குச் சான்று வேண்டும். எண்ணிக்கையன்று காலை முதல் பட்டுவாடா எங்கே, யார் கையில் என்பதைத் தபால் துறையோடு முந்தின நாளே எழுத்தில் முடித்துவிட வேண்டும். ஏஜென்ட்டாகப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியதும் இதைத்தான்.

இனி உறைகளுக்குள் போவோம். மொத்தம் மூன்று உருப்படி. வெளி உறை 13-சி. அதற்குள்ளே உறுதிமொழிப் படிவம் 13-ஏ தனியாகவும், ஓட்டுச்சீட்டு வைத்து ஒட்டிய உள் உறை 13-பி தனியாகவும் இருக்க வேண்டும். முதலில் 13-சி-யின் க்யூஆர் கோடு ஸ்கேன் ஆகும், திறந்த பிறகு 13-ஏ, அதன் பின் 13-பி. வரிசையை மாற்றக் கூடாது. “எதுக்கும் இருக்கட்டும்” என்று இரண்டு முறை பிரின்ட் எடுத்து இரண்டு உறை அனுப்பிய வீரரின் ஓட்டு இந்தக் கட்டத்தில்தான் மாட்டும், இரண்டும் ஒதுக்கப்படும்.

க்யூஆர் பச்சை காட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது தவறு. 13-ஏ-வில் கையெழுத்தும் அதிகாரியின் சான்றொப்பமும் இருக்கிறதா, அதில் உள்ள ஓட்டுச்சீட்டு எண்ணும் 13-பி மேல் உள்ள எண்ணும் ஒத்துப்போகிறதா என்று கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் உள் உறையைப் பிரிக்காமலே நிராகரிக்க வேண்டும். கணவனும் மனைவியும் ஒரே மேசையில் உட்கார்ந்து உறை ஒட்டும்போது 13-பி இடம் மாறிப்போனால் இரண்டு ஓட்டும் போச்சு. அதைவிடப் பரிதாபம், உறுதிமொழியை ஓட்டுச்சீட்டோடு சேர்த்து உள் உறைக்குள் திணித்து ஒட்டிவிடுவது. வெளி உறையைத் திறந்தால் 13-ஏ இருக்காது. “உள்ளதான் இருக்கும், பிரிங்க சார்” என்பார்கள், பிரிக்க முடியாது.

13-ஏ-வைச் சரிபார்த்த கையோடு அதே ஆளின் 13-பி-யைப் பிரித்துவிடுவது அவசரத்தில் நடக்கிற தவறு. யார் யாருக்குப் போட்டார் என்பது மேசையில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். சரியான 13-ஏ-க்கள் எல்லாவற்றையும் ஒரு கட்டாக்கி முத்திரையிட்ட பிறகுதான் முதல் 13-பி-யைத் தொட வேண்டும்.

சீட்டில் டிக் மங்கலாக விழுந்திருக்கிறது, இரண்டு தடவை போட்டிருக்கிறார் என்பதற்காக மட்டும் செல்லாது என்று சொல்லக் கூடாது. யாருக்கு என்பது தெளிவாகத் தெரிந்தால் அது செல்லும் ஓட்டு. ஆளை அடையாளம் காட்டும் குறியோ கையெழுத்தோ சீட்டில் இருந்தால் செல்லாது.

நிராகரித்த கட்டை அலட்சியமாகக் கட்டி வைப்பவர்கள் திருநெல்வேலி மாவட்டத்து ராதாபுரம் தொகுதியை நினைத்துக்கொள்ளலாம். 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. தலைமை ஆசிரியர் சான்றொப்பமிட்டதால் செல்லாது என்று ஒதுக்கிய தபால் ஓட்டு 203. அவை ராணுவ ஓட்டு இல்லை, ஆனாலும் பாடம் ஒன்றே. 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. இப்போது வெற்றி வித்தியாசம் நிராகரித்த தபால் ஓட்டுகளைவிடக் குறைவாக இருந்தால், அத்தனையையும் மறுபடி சரிபார்ப்பது கட்டாயம். யாரும் மனு கொடுக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. தேர்தல் ஆணையத்தின் 2025 செப்டம்பர் உத்தரவுப்படி தபால் ஓட்டு முடியாமல் இயந்திர எண்ணிக்கையின் கடைசிக்கு முந்தின சுற்றைத் தொடங்கவும் கூடாது.

“துபாயில இருக்கிற மச்சானுக்கும் தபால் ஓட்டு உண்டா?” என்று கேட்பார்கள். இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்களில் இந்த வசதி தூதரகம் போன்ற இடங்களில் பணிபுரியும் மத்திய அரசு ஊழியருக்கும், உடன் வசிக்கும் மனைவி அல்லது கணவருக்கும்தான். மச்சான், வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான 6ஏ படிவத்தில் பெயர் சேர்த்து, பாஸ்போர்ட்டோடு சொந்த ஊர் வாக்குச்சாவடிக்கு நேரில் வர வேண்டும்.