முதல் வீட்டை விட்டுப் போக மனம் வராதவர்களுக்கு: சிம்ஸ் 4 இல் வீடு மாறும் முறை

சிம்கள் எனப்படும் மனிதர்களை ஒரு வீட்டில் குடிவைத்து வாழவைக்கும் த சிம்ஸ் 4 விளையாட்டில் தனி ஒருவராகப் புதுக் குடும்பம் தொடங்கினால் கையில் 20,000 சிமோலியன் கிடைக்கும். அந்தப் பணத்துக்குள் அடங்கும் வீடு சின்னதாகத்தான் இருக்கும்: குசினியும் கூடமும் கலந்த ஓரிடம், ஒரு படுக்கையறை, ஒரு குளியலறை, விலை குறைந்த கட்டில். விளையாட்டைப் பொறுத்தவரை அது காலை ஊன்றிக்கொள்ள ஓர் இடம், அவ்வளவுதான். ஆனால் முதற் சம்பளம் அங்கேதான் வருகிறது, சமைக்கத் தெரியாத சிம் அடுப்பைத் தீப்பற்ற வைப்பதும் அங்கேதான், முதற் பிள்ளை நடை பழகுவதும் அங்கேதான். பின்னர் இலட்சக்கணக்கில் பணம் சேர்ந்தாலும் பலருக்கு அந்த வீட்டை விட்டுப் போக மனம் வருவதில்லை. அடிப்படை விளையாட்டு 2022 ஒக்டோபரிலிருந்து இலவசமாகக் கிடைப்பதால் எங்கள் திருகோணமலையிலும் இதை விளையாடுகிற பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்தத் தயக்கத்தை அடிக்கடி பார்க்கிறேன். வீட்டில் எதன்மேல் உங்களுக்குப் பற்று என்பதைச் சரியாக இனங்கண்டால், அதை இழக்காமலே வீடு மாறலாம்.

மாற வேண்டிய தேவை உண்மையிலேயே இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பெரிய வீட்டுக்குப் போகாதவரை விளையாட்டு தண்டிப்பதில்லை. பத்துத் தலைமுறை ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தாலும் அது முறையான விளையாட்டே. வீட்டின் பெறுமதி கூடும்போது கட்டவேண்டிய பில்லும் கூடுவதால், சின்ன வீட்டில் இருப்பது சிக்கனமும்கூட. வீடு சிம்களின் நாளைத் தின்னத் தொடங்கும்போதுதான் தேவை எழுகிறது. உவர்மலையில் இருக்கும் என் அக்காவின் மகள், 20×15 கட்டம் அளவுள்ள காணியில் நின்ற முதல் வீட்டில் ஏழு பேரைக் குடிவைத்திருந்தாள். ஒரு குடும்பத்தில் எட்டுப் பேர்வரை இருக்கலாம் என்பதால் அதில் விதிமீறல் எதுவும் இல்லை. ஆனால் காலையில் வேலைக்குப் போகும் தகப்பனும், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளும், பாட்டியும் ஒரே குளியலறைக் கதவின் முன் வந்து நின்று, வழியில்லை என்று கைகளை வீசி முறையிட்டு, திரும்பிப் போய், மறுபடியும் வந்தார்கள். தகப்பன் சாப்பிடாமலே வேலைக்குப் போனார். அந்தக் குளியலறைச் சுவரை இரண்டு கட்டம் தள்ளியிருந்தால் இன்னொரு கழிப்பறை வைத்திருக்கலாம். நான் அதைச் சொன்னபோது, “அந்தச் சுவரில கை வைக்காதீங்க சித்தி” என்றாள். சுவரின் மறுபக்கத்தில்தான் மூத்த பிள்ளையின் படங்கள் வரிசையாக மாட்டப்பட்டிருந்தன.

இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. 1990 இல் கையில் அகப்பட்டதோடு ஊரை விட்டுப் போனவர்களும், 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடலுக்கு வீட்டைக் கொடுத்தவர்களும் வாழ்கிற மாவட்டம் இது. ஒரு வீட்டின்மேல் வைக்கும் பாசம் சுவரோடு நின்றுவிடுவதில்லை என்று இங்கே எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. விளையாட்டின் பிறப்பிலேயும் அப்படியொரு இழப்பு உண்டு. 1991 ஒக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லாந்துக் குன்றுகளில் பரவிய தீயில் சிம்ஸ் தொடரைத் தொடங்கிய வடிவமைப்பாளரான வில் ரைட்டின் வீடு எரிந்தது. எரிந்துபோன வாழ்க்கையை ஒவ்வொரு பொருளாகச் சேர்த்து மறுபடி அமைக்க நேர்ந்த அனுபவமே, 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் சிம்ஸ் விளையாட்டுக்கு வித்தாக அமைந்தது. எந்தப் பொருள் இல்லாமல் இருக்க முடியும், எது இல்லாமல் இருக்க முடியாது என்ற அதே கேள்வியைத்தான் நீங்களும் இப்போது உங்கள் வீட்டிடம் கேட்க வேண்டும்.

கேட்கும் வழி எளிது. கணினியில் விளையாடுபவர்கள் ஷிப்ட், டப் ஆகிய இரண்டு விசைகளையும் சேர்த்து அழுத்தினால் சிம்மின் கண்மட்டத்திலிருந்து வீட்டைப் பார்க்கலாம். மேலிருந்து பார்க்கும்போது வெறும் வரைபடமாகத் தெரிகிற வீடு அப்போது வேறாகிவிடும். கேற்றிலிருந்து உள்ளே வந்து, குசினிக்குப் போய், பிள்ளையின் கட்டிலருகே நின்று, மெதுவாக ஒரு சுற்று வாருங்கள். எந்த இடத்தில் உங்களை அறியாமல் நிற்கிறீர்கள் என்பதைக் கவனித்து, ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலானவர்களின் தாளில் நான்கைந்து விடயங்கள்தான் வரும்: ஒரு சாப்பாட்டு மேசை, ஒரு சுவர் நிறையப் படங்கள், முதன்முதலில் நட்ட செடி, இறந்துபோன முதியவரின் சமாதிக் கல், யன்னலருகே கட்டில் போடப்பட்ட விதம். மற்றக் கதிரைகளும் விளக்குகளும் வரவே மாட்டா. எழுதி முடிந்ததும் சீ (C) விசையை அழுத்தி ஒவ்வோர் இடத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவை விளையாட்டின் ஸ்கிரீன்ஷொட்ஸ் கோப்புறையில் சேரும்.

அடுத்தது பிரதி எடுப்பது. இதைத் தவிர்த்துவிட்டு வேறெதையும் செய்ய வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறேன். சேவ் அஸ் மூலம் இப்போதைய ஆட்டத்தை வேறொரு பெயரில் சேமித்துவிடுங்கள். எது பிழைத்தாலும் திரும்பிவர ஒரு வாசல் இருக்கும். பிறகு வீடு கட்டும் பகுதியான பில்ட் மோட்டுக்குள் போய் வீடு முழுவதையும் உங்கள் லைப்ரரியில், அதாவது பிரதிகளை வைக்கும் சேமிப்பிடத்தில், சேமியுங்கள். அந்தப் பிரதியில் சுவர், கூரை, தளபாடம் எல்லாம் அன்று இருந்தபடியே பதிவாகும், ஆனால் அங்கே வாழ்ந்தவர்கள் அதில் வரமாட்டார்கள். ஒவ்வோர் அறையையும் தனித்தனியே சேமிக்கும் வசதியும் உண்டு. அது பின்னால் மிகவும் பயன்படும். கணினியின் ஆவணக் கோப்புறைக்குள் சிம்ஸ் 4 இன் பெயரில் உள்ள கோப்புறையில் சேவ்ஸ், ட்ரே என்று இரண்டு கோப்புறைகள் இருக்கும். ஆட்டங்கள் முதலாவதிலும் லைப்ரரி இரண்டாவதிலும் இருப்பதால், இரண்டையும் ஒரு பென்டிரைவில் போட்டுவைத்தால் கணினி பழுதானாலும் வீடு போகாது. வாடைக்காற்றோடு மாரி மழை தொடங்கி மின்சாரம் சொல்லாமல் போகிற மாதங்களில் நாங்கள் இன்னும் அடிக்கடி சேமிக்க வேண்டும்.

இனி இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, வீட்டையே தூக்கிக்கொண்டு பெரிய காணிக்குப் போவது. என் விருப்பம் இதுதான். 20×15 காணியிலிருந்து சேமித்த வீட்டை 40×30 காணியொன்றில் அப்படியே வைக்கலாம். வைத்த பிறகு காணிக்குள் வீட்டை முழுமையாக நகர்த்தவும் திருப்பவும் முடியும் என்பதால், வாசல் தெருவைப் பார்க்கும்படி முதலில் நிறுத்திக்கொள்ளுங்கள். பின்னர் எங்கள் ஊரில் வீடு வளர்கிற முறையிலேயே அதை வளருங்கள். இங்கே பழைய ஓட்டு வீட்டை இடிக்காமல் பின்பக்கம் பத்தி இறக்கிக் குசினியை அங்கே மாற்றுவார்கள். மகளுக்குக் கல்யாணம் என்றால் பக்கத்தில் ஓர் அறை சேரும். முன்னால் விறாந்தை நீளும். காசு வந்தால் மாடி எழும். விளையாட்டிலும் பழைய வீட்டின் நான்கு சுவரை நடுவில் வைத்துக்கொண்டு, புதிய அறைகளைப் பின்பக்கத்திலும் பக்கவாட்டிலும் சேர்த்தால், படம் மாட்டிய சுவர் தன் இடத்திலேயே நிற்கும். அக்காவின் மகளுக்கு இறுதியில் பொருந்தியது இதுவே: பின்பக்கப் பத்தியில் இரண்டு குளியலறைகள் எழுந்தன, பழைய சுவர் ஒரு கட்டம்கூட அசையவில்லை. கூரையை மட்டும் கவனித்துப் போடுங்கள். புதிய பகுதியின் கூரை பழையதைவிட உயர்ந்தால் முதல் வீடு அதற்குள் மூழ்கிப்போகும். ஓரிரு படி தாழ்ந்திருப்பது அழகு.

இரண்டாவது வழி, வீட்டை விட்டுப் பொருள்களோடு போவது. தாளில் எழுதியவற்றை ஒவ்வொன்றாகப் பில்ட் மோட்டில் குடும்பத்தின் இன்வென்ட்ரிக்குள், அதாவது பொருள்களைச் சேர்த்துவைக்கும் இடத்துக்குள், இடுங்கள். சமாதிக் கற்களை ஒரு சிம்மின் சொந்த இன்வென்ட்ரியில் வைப்பதே பாதுகாப்பானது. வீட்டின் பிரதியை நம்பி அவற்றை விட்டுவிட வேண்டாம். செடியிலிருந்து பழங்களைப் பறித்து வைத்துக்கொண்டால் புதுக் காணியில் அவற்றையே நட்டு அதே செடியின் வம்சத்தை வளர்க்கலாம். வீடு மாறும்போது தளபாடத்தை விற்கவா என்ற தெரிவு வரும். அவசரத்தில் அதை அப்படியே ஒப்புக்கொண்டுவிடாதீர்கள். தளபாடத்தோடு கூடிய வீட்டை வாங்காமல் வெறும் வீட்டை வாங்குவதும் முக்கியம். எல்லாம் நிறைந்த வீட்டுக்குள் நுழைந்தால் பழைய மேசைக்கு இடமே இருக்காது, அது இன்வென்ட்ரியிலேயே கிடந்துவிடும். படுக்கையறை அமைந்த விதம்தான் உங்களைப் பிடித்து வைத்திருக்கிறது என்றால், தனியாகச் சேமித்த அந்த அறையைப் புது வீட்டின் ஒரு மூலையில் முழுதாகவே வைத்துவிடலாம்.

விட்டுவந்த வீட்டுக்கு யார் வருவார்கள் என்ற கவலையையும் தீர்த்துவிடலாம். வளர்ந்த பிள்ளை ஒன்றைத் தனிக் குடும்பமாகப் பிரித்து அங்கே குடிவையுங்கள். உங்கள் சிம்கள் நினைத்த நேரத்தில் போய்க் கதவைத் தட்டலாம். ஆனால் நீங்கள் விளையாடாத குடும்பங்களை விளையாட்டு தானாகவே இடம் மாற்றக்கூடும். நெய்பர்ஹுட் ஸ்டோரீஸ் என்ற அமைப்பில் அந்தக் குடும்பத்துக்கு வீடு மாறும் தெரிவுகளை நிறுத்திவிட்டால் அந்தப் பயம் இல்லை.

புது வீட்டில் முதல் நாளே எல்லா அறைகளையும் நிரப்ப முயலாதீர்கள். நாங்கள் பால் காய்ச்சிக் குடிபுகுவதைப்போல அடுப்பையும் பழைய மேசையையும் மட்டும் முதலில் வைத்து, முழுக் குடும்பத்தையும் ஒரு வேளை சாப்பிட வையுங்கள். அதன்பிறகு விளையாட்டுக் கணக்கில் ஒரு கிழமை அங்கே வாழுங்கள். அறைகளைத் தேவை வரும்போது ஒவ்வொன்றாகத் திறந்தால், புது வீட்டுக்கும் அதற்கேயுரிய பழக்கங்கள் உண்டாகும். கிழமை முடிந்த பின்னும் பழைய வீட்டுக்கே மனம் ஓடினால், வேறு பெயரில் சேமித்த ஆட்டத்தைத் திறந்து அங்கிருந்தே தொடருங்கள். புது வீட்டுக்குச் செலவான சிமோலியன்களும் அந்த ஆட்டத்தில் குறையாமல் இருக்கும்.