மார்பைப் பார்க்காதீர்கள், பெல்ட்டைப் பாருங்கள்: அமெரிக்க விமான நிலையச் சோதனையில் யார் போலீஸ், யார் இல்லை

அமெரிக்க விமான நிலையத்தில் பைகளை ஸ்கேன் செய்யும் இடத்தில் நீலச் சட்டையும் பொன்னிற உலோக பேட்ஜுமாக நிற்பவர்களில் பெரும்பாலோர் போலீஸ் இல்லை. டிஎஸ்ஏ என்கிற போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் சோதனைப் பணியாளர்கள் அவர்கள். துப்பாக்கி கிடையாது, கைவிலங்கு கிடையாது, கைது செய்யும் அதிகாரமும் கிடையாது. உங்களையும் உங்கள் பையையும் சோதிக்க மட்டும் சட்டப்படி முழு அதிகாரம் உண்டு. இந்த இரண்டில் ஒன்றை மறந்தாலும் சிக்கல்தான். போலீஸ் என்று நினைத்து நடுங்குபவர் கேட்கக்கூடிய உரிமையைக் கேட்காமல் விட்டுவிடுவார்; போலீஸ் இல்லையே என்று அலட்சியம் காட்டுபவர் விமானத்தைத் தவறவிடுவார், அபராதமும் கட்டுவார்.

பேட்ஜ் எப்போது வந்தது

2001 செப்டம்பர் தாக்குதலுக்கு முன்பு இந்த வேலையைச் செய்தவர்கள் விமான நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் அமர்த்திய தனியார் காவலர்கள். அந்த ஆண்டு நவம்பர் 19-இல் கையெழுத்தான சட்டம் டிஎஸ்ஏவை உருவாக்கியது. ஓராண்டுக்குள் சோதனைப் பணி ஏறக்குறைய முழுவதும் மத்திய அரசின் கைக்கு வந்தது. முதலில் வெள்ளைச் சட்டை, அதில் நூலால் தைத்த சின்னம், பதவிப் பெயர் ‘ஸ்க்ரீனர்’. 2005-இல் அந்தப் பெயர் ‘ஆபீசர்’ ஆனது. 2008-இல் சட்டை நீலமானது, தைத்த சின்னம் போய் உலோக பேட்ஜ் வந்தது. விமான நிலையப் போலீஸ் சங்கங்கள் அப்போதே எதிர்ப்புத் தெரிவித்தன. யாருக்காவது ஆபத்து என்றால் மக்கள் பேட்ஜைப் பார்த்து ஓடுவார்கள், ஓடிப் போய் நிற்கும் இடத்தில் உதவ அதிகாரம் இல்லாத ஆள் இருப்பார் என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான்.

அடையாளம் காணும் வரிசை

முதலில் இடுப்பைப் பாருங்கள். சீருடைப் போலீஸ் என்றால் துப்பாக்கி உறை, விலங்குப் பை, வயர்லெஸ் எல்லாம் பெல்ட்டில் தொங்கும். டிஎஸ்ஏ சோதனையாளரின் பெல்ட்டில் ஆயுதம் இருக்காது. சட்டையின் நிறத்தை நம்ப வேண்டாம். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான போலீஸ் துறைகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சீருடை. நீலம் எல்லோருக்கும் பிடித்த நிறம்.

அடுத்து, கையின் மேற்பகுதியில் தைத்திருக்கும் சின்னம். டிஎஸ்ஏ என்றால் அதில் அப்படியே எழுதியிருக்கும். போலீஸ் என்றால் அந்த நகரம், மாநிலம் அல்லது துறைமுக ஆணையத்தின் பெயர் இருக்கும். நியூயார்க்கின் ஜேஎஃப்கே, லாகார்டியா, நியூ ஜெர்சியின் நெவார்க் மூன்றிலும் போர்ட் அத்தாரிட்டி போலீஸ். பாஸ்டனின் லோகனில் மாசசூசெட்ஸ் மாநிலப் போலீஸ். லாஸ் ஏஞ்சலீஸில் விமான நிலையத்துக்கென்றே தனிப் போலீஸ். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு விதிவிலக்கு: அங்கே சோதனையைச் செய்வது டிஎஸ்ஏ மேற்பார்வையில் இயங்கும் தனியார் நிறுவனப் பணியாளர்கள். விதிகளும் நடைமுறையும் மற்ற இடங்களைப் போலத்தான்.

மூன்றாவது, தோள்பட்டைப் பட்டியில் உள்ள கோடுகள். ஒரு கோடு சாதாரணச் சோதனையாளர், இரண்டு கோடு குழுவின் முன்னணியாளர், மூன்று கோடு சூப்பர்வைசர். பேட்ஜைவிட இந்தக் கோடுகள்தான் பயணிக்குப் பயன்படும். தகராறு வந்தால் ஒரு கோட்டுக்காரரிடம் வாதாடிப் பயனில்லை. அவரால் விதியைத் தளர்த்த முடியாது. “சூப்பர்வைசருடன் பேச விரும்புகிறேன்” என்று ஒரு முறை, குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். வருபவரின் தோளில் மூன்று கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

குடிவரவிலும் சுங்கத்திலும் இருப்பவர்கள் வேறு. வெளிநாட்டிலிருந்து இறங்கியதும் எதிர்ப்படும் சிபிபி என்கிற சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறை அதிகாரிகள் கருநீலச் சீருடையில், ஆயுதத்தோடு இருப்பார்கள். கைது செய்யும் அதிகாரமும் உண்டு. எல்லையில் வாரண்ட் இல்லாமலே பையைத் திறக்கலாம், போனையும் பார்க்கலாம். டிஎஸ்ஏ வரிசையில் பழகிய பழக்கத்தை அங்கே காட்டக் கூடாது. விமானத்துக்குள் பயணிபோலச் சாதாரண உடையில் அமரும் ஏர் மார்ஷல்களும் டிஎஸ்ஏவைச் சேர்ந்தவர்களே. அவர்களுக்குத் துப்பாக்கியும் கைது அதிகாரமும் உண்டு. அவர்களை அடையாளம் காண முயல வேண்டியதில்லை.

சோதனையின்போது செய்ய வேண்டியது

1. அடையாள அட்டையைக் கேட்டால் கொடுங்கள். பல விமான நிலையங்களில் அதே இடத்தில் கேமரா முகத்தைப் படமெடுக்கும். வேண்டாம் என்றால் கேமராவின் முன் நிற்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அட்டையைப் பார்த்துச் சரிபார்ப்பார்கள்.

2. உடல் ஸ்கேனருக்குள் போக விருப்பமில்லை என்றால், கையால் தடவிச் சோதிக்கும்படி கேட்கலாம். பெரும்பாலும் ஏற்பார்கள், சில நேரங்களில் ஸ்கேனர் கட்டாயம் என்றும் சொல்லலாம். நேரம் கூடுதலாகும். புடவை, தளர்வான சல்வார் போன்ற உடையில் வருபவர்களை ஸ்கேனர் தாண்டிய பிறகும் தடவிச் சோதிப்பது வழக்கம். உடலோடு ஒட்டாத துணியின் மடிப்புகளை இயந்திரம் ‘ஏதோ இருக்கிறது’ என்று காட்டுவதுதான் காரணம்.

3. தடவிச் சோதிப்பவர் உங்கள் பாலினத்தவராக இருக்க வேண்டும். எங்கே தொடப்போகிறார் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். புதுக் கையுறை மாட்டச் சொல்லலாம். தனியறை கேட்கலாம், கூட வந்தவரையும் உள்ளே அழைத்துக்கொள்ளலாம். பொது இடத்தில் தொடங்கிய பிறகும் இடையில் தனியறை கேட்க முடியும்.

4. பையின் மீதோ உள்ளங்கையிலோ சிறு துணித்துண்டைத் தேய்த்து இயந்திரத்தில் வைப்பார்கள். வெடிமருந்துத் துகள் சோதனை இது. கிளிசரின் கலந்த கை லோஷன், உரம், நெஞ்சுவலிக்கான நைட்ரோகிளிசரின் மாத்திரை ஆகியவற்றால் பொய்யாகவும் ஒலிக்கும். ஒலித்தால் பதறாதீர்கள், என்ன பூசினீர்கள், என்ன மருந்து என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். முழுப் பையும் பிரிக்கப்படும், உடலும் மறுபடி சோதிக்கப்படும், அவ்வளவே. பயண நாள் காலையில் லோஷன் பூசாமலிருப்பதே எளிய வழி.

5. மொழிச் சிக்கல் உள்ள முதியவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள், பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் என்றால் பயணத்துக்கு 72 மணி நேரம் முன்பு ‘டிஎஸ்ஏ கேர்ஸ்’ எண் 855-787-2227-ஐ அழைத்துச் சொல்லுங்கள்.

எங்கே தடம் புரளும்

பாதியில் திரும்பிப் போவது முதல் தவறு. கெடுபிடி தாங்காமல் “சோதனையே வேண்டாம், நான் வீட்டுக்குப் போகிறேன்” என்று நடக்கத் தொடங்கினால் விடமாட்டார்கள். சோதனை தொடங்கிவிட்டால் பயணியின் சம்மதம் அதற்குமேல் தேவையில்லை என்று 2007-இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் ஒன்றான ஒன்பதாவது வட்ட நீதிமன்றம், ஹொனலுலு விமான நிலைய வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. தயக்கம் இருந்தால் பையை ஸ்கேனர் பெல்ட்டில் வைப்பதற்கு முன்பே விலகிவிட வேண்டும். சோதனையாளரைத் தடுப்பதும் மிரட்டுவதும் மத்திய அரசின் விமானப் பாதுகாப்பு விதிப்படி குற்றம். அபராதம் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகும். அவருக்கு விலங்கு மாட்ட அதிகாரமில்லை என்பது உண்மை. மாட்டக்கூடியவர் கூப்பிடு தூரத்தில்தான் இருப்பார்.

துப்பாக்கி விஷயத்தில் இந்த வேலைப் பிரிவினை அப்பட்டமாகத் தெரியும். 2023-இல் மட்டும் அமெரிக்கச் சோதனைப் பகுதிகளில் பயணிகளிடம் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. திரையில் துப்பாக்கியைக் கண்டதும் சோதனையாளர் ஸ்கேனர் பெல்ட்டை நிறுத்துவார், போலீஸை அழைப்பார். பையைத் திறந்து ஆயுதத்தை எடுப்பது போலீஸ். பயணியைக் கைது செய்வதா, பறிமுதல் மட்டுமா என்பதை முடிவு செய்வதும் போலீஸ். டிஎஸ்ஏ பின்னால் தனியாக அபராதம் விதிக்கும்.

ரொக்கப் பணம் இன்னொன்று. 2009-இல் செயின்ட் லூயிஸ் விமான நிலையத்தில் ஏறத்தாழ 4,700 டாலர் ரொக்கம் வைத்திருந்த ஒரு பயணியை அறையில் வைத்துக் கேள்வி கேட்டார்கள். வழக்கு வந்தது. விமானப் பாதுகாப்புக்குத் தொடர்பில்லாத குற்றங்களைத் தேடுவது சோதனையின் நோக்கமாக இருக்கக் கூடாது என்று டிஎஸ்ஏ அதன் பிறகு தன் உத்தரவுகளைத் திருத்தியது. உள்நாட்டுப் பயணத்தில் பணத்துக்கு உச்சவரம்பு இல்லை. நாட்டைக் கடக்கும்போது 10,000 டாலருக்கு மேல் இருந்தால் சிபிபியிடம் படிவம் கொடுத்தே ஆக வேண்டும். கொண்டுபோவது குற்றமில்லை, மறைப்பதுதான் குற்றம். “இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?” என்ற கேள்விக்குச் சோதனையாளரிடம் சண்டை பிடிக்க வேண்டாம். “சோதனை முடிந்துவிட்டதா? நான் போகலாமா?” என்று கேளுங்கள். போலீஸை அழைத்தால், வந்தவரிடமும் அதே கேள்வி: “நான் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறேனா?” அந்தக் கேள்விக்குச் சட்டப்படி பொருளுள்ள பதிலைச் சொல்லக்கூடியவர் போலீஸ்காரர்தான்.

வீடியோ எடுக்கலாமா என்றால் எடுக்கலாம், வேலைக்கு இடையூறு செய்யாமல், ஸ்கேனர் திரைகளைப் படம்பிடிக்காமல்.

பேட்ஜ் தேவைதானா

சீருடை கட்டாயம் வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் உடலைத் தொடும்போது அவருக்கு அந்த உரிமை உண்டு என்று கண்ணாலேயே தெரிய வேண்டும். உலோக பேட்ஜுக்கு அந்த நியாயம் பொருந்தாது. அது மரியாதையைக் கூட்டும், பயணிகள் வம்புக்கு வரமாட்டார்கள் என்பது ஆதரிப்பவர்கள் சொல்வது. ஆனால் 2013 நவம்பர் 1-இல் லாஸ் ஏஞ்சலீஸில் துப்பாக்கியோடு வந்தவன் டிஎஸ்ஏ பணியாளர்களையே குறிவைத்தான். பணியில் கொல்லப்பட்ட முதல் டிஎஸ்ஏ ஊழியராக ஹெரார்டோ ஹெர்னாண்டஸ் இறந்தார். ஆயுதமும் கைது அதிகாரமும் கொண்ட தனிப் பிரிவு வேண்டும் என்று ஊழியர் சங்கம் கேட்டது, அது நடக்கவில்லை. போலீஸின் தோற்றத்தை மட்டும் கொடுத்துவிட்டு, தற்காத்துக்கொள்ளும் வசதி எதையும் கொடுக்காமல் வாசலில் நிறுத்துவது அந்தப் பணியாளருக்கும் நல்லதல்ல.

2011-இல் டென்னசி மாநிலத்தின் நாடாளுமன்றப் பிரதிநிதி மார்ஷா பிளாக்பர்ன், போலீஸ் பயிற்சி பெறாத சோதனையாளர்கள் ‘ஆபீசர்’ பட்டமும் பேட்ஜும் போலீஸ் பாணிச் சீருடையும் அணியக் கூடாது என்று மசோதா கொண்டுவந்தார். சட்டமாகவில்லை. அதில் பாதி போதும் என்பது எங்கள் கருத்து: பட்டம் எதுவாகவும் இருக்கட்டும், உலோகத்தைக் கழற்றிவிட்டு, முதுகில் பெரிய எழுத்தில் வேலையின் பெயரும், மார்பில் கை நீட்டும் தூரத்தில் படிக்கக்கூடிய பெயரும் எண்ணும் இருந்தால் பயணிக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த பேட்ஜ் அரசுக்கே எதிராகத் திரும்பியது. ஒரு பயணி தொடுத்த வழக்கில், சோதனையாளர்கள் போலீஸ் இல்லை, ஆகவே அவர்கள் அத்துமீறினார்கள் என்று அரசின் மீது வழக்குப் போட முடியாது என்று அரசுத் தரப்பு வாதிட்டது. இந்த வகை வழக்குக்குச் சோதனை நடத்துபவர் சட்ட அமலாக்க அதிகாரிதான் என்று 2019-இல் மூன்றாவது வட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘ஆபீசர்’ என்று பொறித்த பேட்ஜை அவர்கள் அணிவதையும் தீர்ப்பு சுட்டிக்காட்டியது. எட்டாவது வட்டம் 2020-இலும், நான்காவது, ஒன்பதாவது வட்டங்கள் 2023-இலும் அதே முடிவுக்கு வந்தன.

அத்துமீறல் நடந்தால்

அங்கேயே சூப்பர்வைசரைக் கேளுங்கள். நேரம், சோதனைப் பகுதியின் எண், தடத்தின் எண், பெயர்ப்பட்டையில் உள்ள பெயர், தோள் கோடுகள் ஆகியவற்றை உடனே போனில் குறித்துக்கொள்ளுங்கள். கேமராப் பதிவைத் தேடியெடுக்க நேரமும் தட எண்ணும்தான் தேவை. “உயரமாக, கண்ணாடி போட்டிருந்தார்” என்பது உதவாது. டிஎஸ்ஏ தளத்தில் புகார் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் கூடுதல் சோதனைக்கு நிறுத்துகிறார்கள் என்றால் அது புகார் விஷயமல்ல, பெரும்பாலும் பெயர்க் குழப்பம். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ‘ட்ரிப்’ திட்டத்தில் விண்ணப்பித்துத் தீர்வு எண் வாங்கி, டிக்கெட் பதிவில் அதைச் சேர்க்க வேண்டும்.

இழப்பீடு கேட்பதென்றால் எஸ்எஃப்-95 என்ற படிவம். சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் அரசிடம் போய்ச் சேர வேண்டும்; 6 மாதத்தில் முடிவு சொல்லாவிட்டால் நீதிமன்றம் போகலாம். தொகைக் கட்டத்தில் ஒரு எண்ணை எழுதுங்கள். “தகுந்த இழப்பீடு” என்று எழுதிய படிவத்தை மனுவாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.