கருவிளமா, கூவிளமா?

முதலில் இந்தச் சொற்களை ஒரே ஒருமுறை வாசித்துக்கொள்ளுங்கள்: கட்டில், தலையணை, கொட்டாவி, கனவு, போர்வை, குறட்டை, இரவு, தாலாட்டு. திரும்பிப் பார்க்க வேண்டாம். கடைசியில் கேட்கிறேன்.

பள்ளியில் யாப்பிலக்கணம், அதாவது செய்யுள் இலக்கணம், படித்த பலருக்கு 'நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா' இன்னும் வாயில் வரும். நேர், நிரை என்பவை செய்யுளின் ஓசையை அளக்கும் அசைகள்: ஒற்றெழுத்தை விட்டுவிட்டு எண்ணினால் நேரில் ஓர் எழுத்து, நிரையில் இரண்டு. தடுமாற்றம் அடுத்த இரண்டில்தான். நிரை நிரை என்பது கருவிளமா, கூவிளமா? நானும் விரல்விட்டு உருப்போட்டவன்தான். தேமா, புளிமா போன்ற வாய்பாட்டுச் சொற்கள் தமக்குத் தாமே எடுத்துக்காட்டு என்பது வெகுநாள் கழித்தே உறைத்தது. கரு/விளம் என்று அசை பிரித்தால் நிரை நிரை. கூ/விளம் என்றால் நேர் நிரை. வெண்பாவின் ஈற்றுச்சீருக்குரிய நாள், மலர், காசு, பிறப்பு ஆகியவையும் இப்படித்தான். விடையைச் சொல்லுக்குள்ளேயே வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். நாம் ஓசையை மட்டும் பிடித்துக்கொண்டு திண்டாடுகிறோம். நினைவைக் கையாள்வதில் நாம் செய்யும் தவறுகளில், என் கணக்கில் இதுவே பெரியது.

இன்னொன்று, ஒரே கொக்கியில் இரண்டை மாட்டுவது. 'விளம்' என்று முடிவது எது என்று நினைவைக் கேட்டால் இரண்டும் சேர்ந்துதான் வரும். வேறுபடும் முதல் அசையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, கேள்வியிலேயே பதிலை ஏற்றிவிடுவது. 1974இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வில் எலிசபெத் லாஃப்டசும் ஜான் பாமரும் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டினார்கள். கார்கள் 'மோதியபோது' என்ன வேகம் என்று 50 பேரிடமும், 'நொறுங்க மோதியபோது' என்ன வேகம் என்று வேறு 50 பேரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு முதல் குழுவில் 7 பேரும் இரண்டாவதில் 16 பேரும் 'ஆம்' என்றார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. 'நொறுங்க' என்ற சொல் கண்ணாடிச் சில்லையும் கூட்டி வந்துவிட்டது. அழுதுகொண்டு வரும் பிள்ளையிடம் 'யார் உன்னைத் தள்ளிவிட்டது?' என்று எடுத்த எடுப்பில் கேட்கிறோமே, அதுவும் இதே ரகம். 'என்ன நடந்தது?' என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கலாம்.

நினைவு பளிச்சென்று வருவதால் அதை அப்படியே நம்புவதும் தவறு. ஹென்றி ரோடிகரும் கேத்லீன் மெக்டெர்மாட்டும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், நான் தொடக்கத்தில் தந்ததைப் போன்ற பட்டியல்களைத்தான் பயன்படுத்தினார்கள். இப்போது சொல்லுங்கள்: அதில் 'கனவு' இருந்ததா? 'தூக்கம்' இருந்ததா? பதிலை முடிவு செய்துகொண்டு மேலே போய்ப் பாருங்கள்.