ரோபோ கோணலாக ஓடுகிறதா? ஜாய்ஸ்டிக் குச்சிகளின் வேலையை மாற்றிப் பாருங்கள்

வெக்ஸ் (VEX) என்ற மாணவர் ரோபோ போட்டிக்கான ரோபோவைப் பலர் 'டேங்க்' முறையில்தான் ஓட்டத் தொடங்குகிறார்கள்: கையில் பிடிக்கும் கன்ட்ரோலரின் இடது குச்சி இடப்பக்கச் சக்கரங்களுக்கு, வலது குச்சி வலப்பக்கத்துக்கு. இரண்டு கட்டைவிரலும் ஒரே அளவு தள்ளாவிட்டால் வண்டி கோணல்தான். அதற்குப் பதிலாக, இடது குச்சியை முன்பின் ஓட்டத்துக்கும் வலது குச்சியைத் திருப்பத்துக்கும் ஒதுக்குங்கள். நிரலில் இரண்டே வரிகள்:

இடது மோட்டார் = ஓட்டம் + திருப்பம்
வலது மோட்டார் = ஓட்டம் − திருப்பம்

திருப்பம் துள்ளுகிறதா? குச்சியின் அளவை −1 முதல் 1 வரையாக மாற்றி, அதன் மும்மடியைப் பயன்படுத்துங்கள். பாதி தள்ளினால் 0.125தான் வரும், முழுதாகத் தள்ளினால் முழு வேகமும் கிடைக்கும். இருமடி எடுத்துவிடாதீர்கள். கழித்தல் குறி காணாமல்போய், எந்தப் பக்கம் தள்ளினாலும் வண்டி ஒரே பக்கம் திரும்பும். ஒரு மாலை முழுவதும் ஒயரைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்!